அருணாசலத்தின் மௌனமும் நமது ஆராதனையும்
(அபிஷிக்தானந்தரின் ஜெப நூல்கள்: ஒரு மதிப்பீடு)

தமிழகத் திருச்சபைகளின் ஆராதனை சொற்களால் நிரம்பியது. பாமாலையும் கீர்த்தனையும், பாவ அறிக்கையும் மன்னிப்பின் வாக்கும், திருமறைப் பாடங்களும் அருளுரையும், பொது மன்றாட்டும் அறிவிப்புகளும் இடைவெளியின்றி ஒன்றையொன்று தொடர்ந்து வருகின்றன. ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குவதற்குச் சில நொடிகள் தாமதம் நேர்ந்தால், ஏதோ தவறிவிட்டது என்று சபையார் தலைநிமிர்ந்து பார்க்கின்றனர். ஆயரும் அவசரமாக அடுத்த பாட்டை அறிவிக்கின்றார். ஒலிபெருக்கியும் மின்னிசைக் கருவிகளும் வந்தபின், எஞ்சியிருந்த சிறு இடைவெளிகளும் நிரப்பப்பட்டுவிட்டன. ஜெபத்தின்போதும் பின்னணியில் இசை ஒலித்தாக வேண்டும் என்னும் நிலை பல சபைகளில் உருவாகியுள்ளது. மௌனம் நம் வழிபாட்டின் ஒரு கூறாக அன்று, ஒரு குறையாகவே எண்ணப்படுகிறது.

இந்நிலையில், மௌனத்தை ஜெபத்தின் சிகரமாகக் கண்ட ஒரு கிறிஸ்தவத் துறவியின் எழுத்துகளை நாம் ஆராய்வது தகும். பிரெஞ்சு நாட்டினராகிய அவர் மௌனத்தைக் கற்றுக்கொண்ட இடமோ நம் திருவண்ணாமலை. அவரைப் போற்றுவோரிற் பலர் சீர்திருத்தத் திருச்சபைகளின் தயக்கங்களைப் பொருட்படுத்துவதில்லை. அவரை ஒதுக்குவோரிற் பலர் அவருடைய நூல்களைத் திறந்து பார்ப்பதில்லை. போற்றுதலும் ஒதுக்குதலும் மதிப்பீடு ஆகா. அவர் கண்டது என்ன, அதில் திருமறைக்கு ஒத்தது எது, ஒவ்வாதது எது, நம் சபைகள் பெற்றுக்கொள்ளத்தக்கது எது என்பனவற்றை முறையே நோக்குவோம்.

நூல்களும் ஆசிரியரும்

ஹென்றி லெ சோ 1910-ஆம் ஆண்டு பிரான்சின் பிரிட்டனிப் பகுதியில் பிறந்தவர். பெனடிக்ட் சபைத் துறவி. 1948-இல் இந்தியா வந்து, அருள்திரு ஜூல்ஸ் மோன்ஷனேனுடன் இணைந்து, 1950-இல் குளித்தலைக்கு அருகே காவிரிக் கரையிலுள்ள தண்ணீர்ப்பள்ளியில் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினார். சாந்திவனம் என்று நாம் அறிவது அதுவே. அபிஷிக்தானந்தர் என்னும் பெயரை அவர் அங்கு ஏற்றார். பின்னர் இமயமலைச் சாரலில் உத்தரகாசியில் வாழ்ந்து, 1973 டிசம்பரில் இந்தூரில் மறைந்தார்.

அவர் திருவண்ணாமலைக்கு முதன்முதல் வந்தது 1949 ஜனவரியில். மோன்ஷனேனும் உடன் வந்தார். ரமண மகரிஷியைக் கண்டபோது தமக்கு உடனே பரவசம் உண்டாகவில்லை, ஏமாற்றமே மிஞ்சியது என்று அவரே நேர்மையுடன் எழுதுகிறார். காய்ச்சலில் விழுந்து ஊர் திரும்பிய பின்னரே, அந்தக் காட்சி தம்மை எவ்வளவு ஆழமாகத் தொட்டுவிட்டது என்று உணர்ந்தார். மகரிஷி 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்துவிட்டதனால், அவரிடம் மேலும் கற்கும் வாய்ப்பு அமையவில்லை. ஆயினும் 1952 முதல் பலமுறை அருணாசல மலையின் குகைகளில் தனித்துத் தங்கி மௌனம் பயின்றார். அந்த அனுபவங்களை அவர் பிரெஞ்சில் எழுதிவைத்தது, அவர் மறைவுக்குப் பின் 1978-இல் வெளிவந்தது. 'அருணாசலத்தின் இரகசியம்' என்னும் ஆங்கில மொழிபெயர்ப்பு 1979-இல் வந்தது. இதற்கு முன்பே, 1967-இல், 'ஜெபம்' என்னும் சிறு நூலை அவர் ஆங்கிலத்தில் வெளியிட்டிருந்தார். 'சச்சிதானந்தம்' என்னும் இறையியல் நூல் 1974-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ரோமன் கத்தோலிக்கத் துறவியாகிய அவருடைய இந்த ஆங்கிலப் பதிப்புகளை வெளியிட்டது, ஆங்கிலிக்கன் மரபில் தோன்றிய டில்லி ஐ.எஸ்.பி.சி.கே. பதிப்பகமாகும். எனவே, 'இது நமக்குரியதன்று' என்று நாம் எளிதில் தள்ளிவிட இயலாது.

'ஜெபம்' என்னும் நூலின் அடிப்படைக் கருத்து ஒன்று. ஜெபம் என்பது நாளின் சில மணித்துளிகளில் நாம் செய்யும் ஒரு செயல் அன்று. கடவுளின் திருமுன் விழித்திருக்கும் நிலையே ஜெபம். சொற்கள் அந்த விழிப்புக்கு வழிகாட்டுபவை. சொல் குறைந்து ஒரே திருநாமமாக ஒடுங்கி, அந்நாமமும் உள்ளத்தின் ஆழத்தில் மௌனமாக நிலைபெறுவதே ஜெபத்தின் வளர்ச்சி என்று அவர் காண்கிறார். கிழக்குத் திருச்சபைகளின் இயேசு நாம ஜெபத்தையும், இந்தியத் துறவியரின் நாம ஜெபத்தையும், நம் ஆண்டவர் பிதாவை விளித்த 'அப்பா' என்னும் அழைப்பையும் அவர் ஒரே வரிசையில் வைத்துச் சிந்திக்கிறார். நூல் சிறியது, ஆனால் அது எழுப்பும் கேள்வி பெரியது. மிகுதியாகப் பேசும் திருச்சபை உண்மையில் கடவுளிடம் பேசுகிறதா, அன்றித் தனக்குத்தானே பேசிக்கொள்கிறதா?

அருணாசலத்தின் மௌனம் எத்தகையது?

1896 செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை வந்தடைந்த பதினாறு வயது வேங்கடராமன், அதன்பின் பல ஆண்டுகள் பேச்சைப் பெரும்பாலும் தவிர்த்தார். அது நோன்பாக ஏற்ற மௌனம் அன்று; பேசுதற்குரிய தேவை எழவில்லை என்பதே அவர் தந்த விளக்கம். ஆலமரத்தின் கீழ் அமர்ந்து பேசாமல் பேசிய தட்சிணாமூர்த்தியின் மரபும், சும்மா இருத்தலைப் போற்றிய அருணகிரிநாதர், தாயுமானவர் ஆகியோரின் மரபும் அவருக்குப் பின்னணியாக இருந்தன. மௌனமே உயர்ந்த உபதேசம் என்று பிற்காலத்தில் அவர் கற்பித்தார்.

எனினும் இங்கு இரு செய்திகளைக் கருத்திற் கொள்ள வேண்டும். முதலாவது, அந்த மௌனம் சொல்லைப் பகைத்த மௌனம் அன்று. சிவப்பிரகாசம் பிள்ளை என்னும் அன்பர் 1902-ஆம் ஆண்டளவில் கேட்ட கேள்விகளுக்கு எழுத்தில் தந்த விடைகளே 'நான் யார்?' என்னும் நூலாயின. பிச்சைக்குச் செல்லும் அடியார் தெருவில் பாடுவதற்கென்றே நூற்றெட்டுக் கண்ணிகள் கொண்ட அட்சரமணமாலையை அவர் இயற்றினார். ஆசிரமத்தில் வேத பாராயணம் நாள்தோறும் ஒலித்தது. மகரிஷி சமையற்கூடத்தில் காய்கறி நறுக்கினார், செய்தித்தாள் படித்தார், வந்தவர் கேள்விகளுக்கு விடையும் சொன்னார். மௌன குரு என்று உலகம் போற்றியவர் தெருவில் பாடப்படும் பாட்டைத் தந்தார் என்பது, மௌனத்தையும் பாட்டையும் எதிர்த்துருவங்களாக நிறுத்துவோர் எண்ணிப்பார்க்க வேண்டியதாகும்.

இரண்டாவது, திருவண்ணாமலை மௌனமான ஊர் அன்று. கார்த்திகைத் தீபத்தன்று இலட்சக்கணக்கான மக்கள் எழுப்பும் அரோகரா முழக்கத்தில் மலையடிவாரம் அதிர்கிறது. பௌர்ணமிதோறும் சுமார் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை மனித வெள்ளமாகிறது. மேளமும் வாணமும் தேரும் கடைவீதியும் அந்த ஊரின் இயல்பு. ஓசை மிக்க ஊரின் நடுவில்தான் அந்த மௌனம் தோன்றியது. ஓசையை ஒழித்துவிட்டுத் தோன்றவில்லை. குகையின் மௌனத்தை மட்டும் பிரித்தெடுத்து 'இதுவே இந்திய ஆன்மிகம்' என்று கூறுவோர், அடிவாரத்தில் நின்று கடவுளை நோக்கிக் குரலெழுப்பும் எளிய மக்களின் வழிபாட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. மலை அடிவாரத்து மனிதர் அபிஷிக்தானந்தரின் பக்கங்களில் வராமல் இல்லை. ஆயினும் அவருடைய பார்வை எப்போதும் மேல்நோக்கி, குகையை நாடியே செல்கிறது.

சீர்திருத்தத் திருச்சபைகளின் தயக்கம்

நம் மரபு மௌனத்தை ஐயுறுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இடைக்கால மேலைத் திருச்சபையில், நற்கருணை மன்றாட்டின் மையப் பகுதியைக் குரு தாழ்ந்த குரலில், மக்கள் செவிக்கு எட்டாதபடி ஓதினார். மொழியும் மக்களுக்கு விளங்காத இலத்தீன். மக்கள் மௌனமாக இருந்தனர். ஆனால் அது கேட்கும் மௌனம் அன்று, கேட்க ஏதும் இல்லாததனால் வந்த மௌனம். 1523-இல் ஆராதனை ஒழுங்கைப் பற்றி எழுதிய மார்ட்டின் லுத்தர், வழிபாட்டில் நுழைந்த கேடுகளில் முதலாவதாகக் கூறியது, கடவுளின் வார்த்தை வாயடைக்கப்பட்டது என்பதே. வார்த்தை அறிவிக்கப்படாத இடத்தில் சபை கூடுவதே வீண் என்று அவர் வற்புறுத்தினார். கிறிஸ்து திருவிருந்தை ஏற்படுத்திய வார்த்தைகளை மக்கள் மொழியில் உரக்கச் சொல்லும் வழக்கம் அவ்வாறு வந்தது. 1562-இல் கூடிய திரெந்து சங்க அமர்வோ, தாழ்குரல் வழக்கத்தைக் கண்டிப்போரைச் சபித்தது. எனவே, உரத்த சொல் என்பது நம் முன்னோர் போராடிப் பெற்ற உரிமை. டேனிஷ் மிஷன் உழைத்த திருவண்ணாமலை வட்டாரத்திலும், தமிழகத்தின் பிற பகுதிகளிலும், எழுத்தறியாத மக்கள் தங்கள் தாய்மொழியில் திருமறையைக் கேட்டதும் பாடியதும் ஜெபித்ததும் இந்த உரிமையின் கனிகளே.

ஆனால், வார்த்தையைக் காப்பதற்காக எழுந்த மரபு, சொற்பெருக்கைக் காக்கும் மரபாக மாறிவிடக்கூடாது. வார்த்தை வேறு, சொற்கள் வேறு. அஞ்ஞானிகள் அதிகம் பேசுவதால் கேட்கப்படுவோம் என்று நினைப்பதாக ஆண்டவர் எச்சரித்தது (மத்தேயு 6:7) வெளியாருக்கு மட்டும் உரியதன்று. சென்னையில் ஒரு சபையின் ஒலிபெருக்கி ஓசை குறித்து எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒலிபெருக்கியாலும் முரசாலும் பிறருடைய அமைதியைக் குலைத்து ஜெபிக்குமாறு எந்த மதமும் விதிக்கவில்லை என்று 2000-ஆம் ஆண்டு அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மலைப்பிரசங்கத்தைப் படிக்கும் மக்களுக்கு இதை ஒரு நீதிமன்றம் நினைவூட்ட வேண்டியிருந்தது.

திருமறையின் சாட்சி

மௌனத்தைப் பற்றிப் பேசும்போது பெரிதும் எடுத்தாளப்படும் இடம் சங்கீதம் 46:10. ரமண மகரிஷியும் கிறிஸ்தவ அன்பரிடம் பேசும்போது இவ்வசனத்தையும், கடவுள் தம் பெயரை மோசேக்கு வெளிப்படுத்திய யாத்திராகமம் 3:14-ஐயும் சேர்த்து, வேதாந்தம் முழுவதும் இவற்றில் அடங்கியுள்ளதாகக் கூறினார். தமிழ்த் திருமறையில் 'அமர்ந்திருத்தல்' என்று வரும் சொல்லுக்கு மூலமாகிய எபிரேய வினை, 'கையை விடு, நிறுத்து' என்னும் பொருள் தருவது. முந்திய வசனத்தைப் பார்த்தால் எதை நிறுத்த வேண்டும் என்பது தெளிவாகிறது. வில் ஒடிக்கப்படுகிறது, ஈட்டி முறிக்கப்படுகிறது, போர் ஓய்கிறது. இது தன் உள்ளத்தை நோக்கி அமரும் யோகிக்குக் கூறிய அறிவுரை அன்று. படையெடுக்கும் நாடுகளுக்கு இட்ட கட்டளை. இங்கு அடங்க வேண்டியது முதலில் ஆயுதங்களின் ஓசை. இவ்வசனத்தைத் தனிமனித அமைதிக்கு மட்டும் உரியதாக்குவது, அதன் பாதியை அறுத்துவிடுவதாகும்.

ஓரேபில் எலியா கேட்டதும் (1 இராஜாக்கள் 19:12) அவ்வாறே. காற்று, அதிர்ச்சி, அக்கினி ஆகியவற்றின் பின் வந்ததை எபிரேயம் 'தெமாமா' என்னும் சொல்லால் குறிக்கிறது. மெல்லியதொரு மௌனத்தின் குரல் என்று அதனைப் பெயர்க்கலாம். ஆனால் கதை அங்கு முடியவில்லை. எலியா முகத்தை மூடிக்கொண்டு கெபி வாசலில் நிற்கும்போது ஒரு கேள்வி வருகிறது: இங்கே உனக்கு என்ன வேலை? அதன்பின் கட்டளை வருகிறது: திரும்பிப் போ. அரசரை அபிஷேகம் செய்யவும், எலிசாவை ஏற்படுத்தவும் அவன் அனுப்பப்படுகிறான். குகையிலிருந்து வெளியே அனுப்புவதே திருமறை காட்டும் மௌனம்.

சங்கீதம் 65:1-இன் மூலத்தில் 'துமிய்யா' என்னும் சொல் நிற்கிறது. உமக்கு மௌனமே துதி என்று அதனைப் பொருள்கொள்வோர் உண்டு. ஆபகூக் 2:20, கர்த்தர் தம் ஆலயத்தில் இருக்கையில் பூமி அனைத்தும் வாயடங்க வேண்டும் என்கிறது. ஆனால் அதற்கு முந்திய வசனங்கள் விழித்தெழும்படி விக்கிரகங்களிடம் வேண்டுவோரைப் பழிக்கின்றன. பேசாத தெய்வத்தின் முன் மனிதன் பேசிக்கொண்டே இருக்கிறான். பேசும் கடவுளின் முன்னோ மனிதன் அடங்கிக் கேட்கிறான். கிறிஸ்தவ மௌனத்தின் இறையியல் இவ்வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளது எனலாம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, விசாரணையில் நின்ற நம் ஆண்டவரின் மௌனம் உண்டு (மாற்கு 14:61). அது அஞ்சியவனின் மௌனமும் அன்று, உலகைக் கடந்துவிட்ட ஞானியின் மௌனமும் அன்று. வாயடைக்கப்பட்ட அனைவரோடும் தம்மை ஒன்றாக்கிக்கொண்டவரின் மௌனம் அது. ஆயினும் அவர் மௌனமாகவே மரிக்கவில்லை. பெருங்குரலெழுப்பினார் என்று நற்செய்தியாளர் சாட்சி கூறுகின்றனர் (மாற்கு 15:34, 37). சிலுவையில் மௌனமும் கூக்குரலும் ஒன்றாய்ச் சந்திக்கின்றன.

நாம் எழுப்பும் இரு கேள்விகள்

இந்தச் சாட்சியின் ஒளியில் அபிஷிக்தானந்தரிடம் நாம் இரு கேள்விகளை வைக்க வேண்டியவர்களாக இருக்கிறோம்.

முதற் கேள்வி: மௌனம் சொல்லின் முடிவா, அல்லது சொல்லின் செவியா? அவருடைய நூல்களில் சொல்லுக்கும் மௌனத்துக்கும் உள்ள உறவு பெரும்பாலும் படிகளின் உறவாகவே அமைகிறது. சொல் கீழ்ப்படி, நாமம் அடுத்த படி, மௌனம் மேற்படி. மேலேறியவன் கீழ்ப்படியை விட்டுவிடுகிறான். இவ்வாறு கொள்ளும்போது, 'நீர்' என்று கடவுளை விளிக்கும் ஜெபம் முதிராத ஜெபமாகிவிடும். இந்த இடரை அபிஷிக்தானந்தர் அறியாதவர் அல்லர். 'சச்சிதானந்தம்' நூலில், அத்வைத அனுபவத்தின் ஆழத்திற்குள்ளேயே பிதா, குமாரன், ஆவி என்னும் அன்புறவு ஒளிர்வதாகக் காட்ட அவர் அரிதின் முயன்றார். 1986-இல் வெளிவந்த அவருடைய நாட்குறிப்பு, அம்முயற்சி அவருக்கு எவ்வளவு வேதனை தந்தது என்பதைக் காட்டுகிறது. அவருடைய தோழர் மோன்ஷனேனோ, அத்வைதமும் கிறிஸ்தவ நம்பிக்கையும் இணையக்கூடுமா என்று நாளடைவில் ஐயம் கொண்டார். இருவரும் ஒரே ஆசிரமத்தில் வாழ்ந்து இக்கேள்வியில் பிரிந்தனர் என்பதே, இதற்கு எளிய விடை இல்லை என்பதற்குச் சான்று.

நம் விடை இது. ஆதியிலே வார்த்தை இருந்தது என்று அறிக்கையிடும் திருச்சபைக்கு, வார்த்தையைக் கடந்த மௌனம் என்று ஒன்று இல்லை. வார்த்தையைக் கேட்கும் மௌனம் உண்டு. 1933-இல் பெர்லினில் கிறிஸ்துவியல் விரிவுரைகளைத் தொடங்கிய தீட்ரிச் போன்ஹோஃபர், கிறிஸ்துவைப் பற்றிய போதனை மௌனத்தில் தொடங்குகிறது என்றார். அந்த மௌனம் வார்த்தையின் முன் பணிந்து நிற்பது என்பதையும் தெளிவாக்கினார். நாம் பேச அறியாதபோது ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்று பவுல் கூறும்போதும் (ரோமர் 8:26), 'நீர்' என்னும் உறவு மறையவில்லை. நம் நா ஓய்ந்த இடத்தில் அவ்வுறவை ஆவியானவர் தாங்கிக்கொள்கிறார். அபிஷிக்தானந்தரும் திருவிருந்தையும் சங்கீதங்களையும் தம் இறுதிவரை கைவிடவில்லை. அவருடைய கோட்பாட்டைவிட அவருடைய நடைமுறை நமக்கு அண்மையில் நிற்கிறது என்று தோன்றுகிறது.

இரண்டாம் கேள்வி இதனினும் கூர்மையானது: மௌனமாயிருப்பவர் யார்? தானே விரும்பி வாய்மூடும் துறவிக்கு மௌனம் விடுதலை. பிறரால் வாயடைக்கப்பட்டவருக்கோ அது விலங்கு. நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாக மௌனமாக இருக்கப் பணிக்கப்பட்டோர் உண்டு. மேல்சாதியார் முன் வாய்பொத்தி நின்றவர்கள், கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள், திருச்சபைக்குள் வந்த பின்னரும் தனி இருக்கையும் தனிக் கல்லறையும் ஒதுக்கப்பட்டவர்கள் ஆகியோரிடம் சென்று, 'மௌனமே மேலான ஜெபம்' என்று நாம் போதிக்க முடியுமா? 1968 டிசம்பர் 25 அன்று, உலகமெங்கும் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய இரவில், கீழத் தஞ்சையின் கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். அத்தகைய கொடுமையின் முன் சபைகள் காக்கும் மௌனம் வழிபாடு ஆகாது. ஆமோஸ் தீர்க்கர் பாட்டின் இரைச்சலை எதற்காகக் கண்டித்தாரோ (5:23, 24), அதற்காகவே அந்த மௌனத்தையும் கண்டித்திருப்பார்.

அர்விந்த் நிர்மல் 1981-இல் பெங்களூரில் தொடங்கிவைத்த தலித் இறையியல் சிந்தனை, இக்கேள்வியை நம் முன் நிறுத்தியது. தமிழ்நாட்டுப் பறையர் சமூகத்தாரின் சமய வாழ்வை ஆராய்ந்த சத்தியநாதன் கிளார்க், 1998-இல் வெளியிட்ட நூலில், பறையையே கிறிஸ்துவுக்குரிய அடையாளமாகக் கண்டார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005-இல் மறைந்த பரட்டை தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். எழுத்தும் பேச்சும் மறுக்கப்பட்ட மக்களுக்குப் பறையின் ஓசையே வேதம், அதுவே விண்ணப்பம். 'அருணாசலத்தின் இரகசியம்' நூலின் மையத்தில் இக்கேள்வி எழவில்லை. அது அந்நூலின் பெருங்குறை.

பெண்களைப் பற்றியும் இதையே கூற வேண்டும். 1 கொரிந்தியர் 14-ஆம் அதிகாரத்தில் மௌனமாயிருத்தலைக் குறிக்கும் ஒரே கிரேக்க வினை மூன்று இடங்களில் வருகிறது. விளக்கம் சொல்பவன் இல்லையெனில் அந்நிய பாஷை பேசுபவன் அடங்க வேண்டும் (28). மற்றொருவனுக்கு வெளிப்பாடு கிடைத்தால் முதலில் பேசியவன் அடங்க வேண்டும் (30). சபையில் பெண்கள் அடங்க வேண்டும் (34). நம் சபைகள் முதல் இரண்டையும் மறந்து, மூன்றாவதை மட்டும் கல்லில் எழுதிக்கொண்டன. மூன்றாவது பகுதி சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் அதிகாரத்தின் இறுதியில் இடம் மாறி நிற்பதும், பெண்கள் சபையில் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் அதே நிருபம் 11:5-இல் ஏற்றுக்கொண்டிருப்பதும் மாணவர் அறிந்தவை. பவுல் வேண்டும் மௌனம் முறைமாற்று மௌனம். ஒருவர் பேச இடம் உண்டாகும்படி மற்றவர் அடங்குவது அது. நம் சபைகளில் அதிகம் பேசிவந்தவர்களே முதலில் அந்த மௌனத்தைப் பயில வேண்டும்.

இவ்விடத்தில் வெளிப்படுத்தல் 8-ஆம் அதிகாரம் நமக்கு வழிகாட்டுகிறது. ஏழாம் முத்திரை உடைக்கப்படும்போது வானத்தில் அரைமணி நேர அளவும் அமைதி உண்டாகிறது. அதனைத் தொடர்ந்து தூபவர்க்கத்தோடு பரிசுத்தவான்களின் ஜெபங்கள் கடவுளின் திருமுன் எழும்புகின்றன. ஆறாம் அதிகாரத்திலோ, கொல்லப்பட்டோரின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழிருந்து, எதுவரைக்கும் என்று ஓலமிட்டன. இவற்றைச் சேர்த்து வாசித்தால், துன்புற்றோரின் ஓலம் கேட்கப்படுவதற்காக விண்ணகப் பாடகர் குழு தன் பாட்டை நிறுத்திக்கொள்கிறது என்று பொருள் கிடைக்கிறது. மௌனத்தைப் பற்றித் திருமறையில் இதனினும் உயர்ந்த காட்சி இல்லை. இங்கே அடங்குவது ஆற்றல் உள்ள மேலுலகம். கேட்கப்படுவது எளியோரின் குரல்.

ஆராதனை ஒழுங்குக்குச் சில குறிப்புகள்

அபிஷிக்தானந்தரின் விடைகள் அனைத்தையும் நாம் ஏற்கவில்லையாயினும், அவர் எழுப்பிய கேள்வி நம்மை விட்டு நீங்குவதில்லை. கேட்க நேரம் ஒதுக்காத சபை, வார்த்தையின் சபை என்று தன்னை அழைத்துக்கொள்ள இயலாது. எனவே ஆயர்களும் மாணவர்களும் பின்வருவனவற்றைச் சிந்திக்கலாம்.

முதலாவது, மௌனத்துக்குரிய இடங்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவை அல்ல. தென்னிந்தியத் திருச்சபை 1950-இல் அமைத்த திருவிருந்து ஒழுங்கிலும், 1963-இல் வெளியிட்ட பொது ஆராதனை நூலிலும் அமைதிக்கு இடம் உண்டு. பாவ அறிக்கைக்கு முன்னும், திருமறைப் பாடத்துக்குப் பின்னும், அருளுரை முடிந்ததும், திருவிருந்தில் பங்குபெற்ற பின்னரும் மௌனம் இயல்பாகப் பொருந்தும். நடைமுறையில் அந்த இடங்களையே இசையாலும் அறிவிப்பாலும் நாம் நிரப்பிவிடுகிறோம்.

இரண்டாவது, மௌனம் விளக்கப்பட வேண்டும். 'சற்று அமைதியாயிருப்போம்' என்று சொல்லிவிட்டு ஐந்து நொடிகளில் ஆயர் பேசத் தொடங்கினால், சபையார் கற்றுக்கொள்வது மௌனம் அன்று, காத்திருக்கத் தேவையில்லை என்பதே. எதைக் கேட்கப் போகிறோம், எவருக்காகக் காத்திருக்கிறோம் என்று ஒரு வாக்கியத்தில் கூறிவிட்டு, ஒரு முழு நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். முதற்சில வாரங்களில் இருமலும் செருப்போசையும் குழந்தைகளின் அழுகையும் கேட்கும். அவை மௌனத்தின் பகைகள் அல்ல; கடவுளின் முன் கூடிவந்திருக்கும் மக்களின் ஓசைகள்.

மூன்றாவது, மௌனத்தைப் பாட்டுக்கும் பறைக்கும் எதிராக நிறுத்தலாகாது. தாளம் அறிந்தவர் இதை எளிதில் உணர்வர். அடிக்கும் அடிக்கும் இடையே உள்ள இடைவெளி சரியாக விழாவிட்டால் தாளம் இல்லை, இரைச்சலே உண்டு. பறையாட்டத்தின் வேகமும் அந்த இடைவெளியின் மீதே நிற்கிறது. ஆராதனையில் மௌனம் அத்தகைய இடைவெளியாக அமையட்டும்.

நான்காவது, மௌனம் எங்கே அனுப்புகிறது என்பதே அதன் உரைகல். பதினேழாம் நூற்றாண்டு முதல் பேச்சற்ற ஆராதனையைப் பின்பற்றிய குவேக்கர் சபையாரிடமிருந்தே, 1688-இல், அமெரிக்காவின் ஜெர்மன்டவுனில் அடிமைமுறைக்கு எதிரான முதல் விண்ணப்பங்களில் ஒன்று எழுந்தது. 1776-இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம், அடிமைகளை வைத்திருப்போருக்குச் சபையில் இடமில்லை என்றது. மௌனத்தில் கேட்டவர்கள் காலம் தாழ்ந்தாயினும் பேசினர். திருவண்ணாமலைக்கு அணித்தான திருப்பத்தூரில், 1921-இல், மருத்துவர்களாகிய சவரிராயன் ஏசுதாசனும் எர்னஸ்ட் பாரெஸ்டர் பேட்டனும் நிறுவிய கிறிஸ்துகுல ஆசிரமமும் இதற்குச் சான்று. ஜெபாலயத்தின் அமைதியும் மருத்துவமனையின் உழைப்பும் அங்கே ஒரே குடும்பத்தின் இரு கைகளாக இருந்தன. சீர்திருத்த மரபில் நின்றுகொண்டே இந்திய மண்ணில் மௌனம் பயில இயலும் என்பதை அறிய நாம் தொலைவில் தேடவேண்டியதில்லை.

அபிஷிக்தானந்தரின் நூல்களை நம் மாணவர் படிக்க வேண்டும். ஆனால் திருமறையைக் கையில் திறந்துவைத்துக்கொண்டு, சேரியிலும் தெருவிலும் எழும் குரல்களுக்குக் காதைத் திறந்துவைத்துக்கொண்டு படிக்க வேண்டும். அவ்வாறு படிப்போருக்கு அவை ஆழ்ந்த நன்மை தரும். வரும் ஞாயிறு ஆராதனையில், பாடம் வாசித்து முடித்த பின் அடுத்த பாட்டை அறிவிக்க எழும் ஆயர் ஒரு நிமிடம் பொறுத்து நிற்பாராக. கடவுள் பேசினார் என்று நாம் உண்மையாகவே நம்பினால், அதற்கு நாம் செய்யவேண்டிய முதல் மரியாதை, உடனே மறுமொழி பேசாதிருப்பதே.